முதல் பக்கத்துல போட்டது அவரு

கேள்வி: சார்லஸ் டிக்கன்ஸ் ஏழைபாழைங்களுக்காக எழுதின மனுஷன். போன இதழ்ல அவர் பொண்டாட்டிய பிரிஞ்ச கதைய எடுத்து கிளறியிருக்கீங்க. எழுத்த படிச்சமா ரசிச்சமான்னு இல்லாம செத்துப்போனவர் வீட்டு படுக்கையறைய எட்டி பாக்குறது பத்திரிகை தர்மமா?

பதில்: பத்திரிகை தர்மம்னு கேட்டுட்டீங்க, அதனால அதையே பேசுவோம். 1858 ஜூன்ல, தான் ஆசிரியரா இருந்த 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' பத்திரிகையோட முதல் பக்கத்துலயே 'பெர்சனல்'னு தலைப்பு போட்டு, வீட்ல ரொம்ப நாளா சிக்கல், இப்ப பேசி முடிச்சாச்சு, வெளிய கிளம்பியிருக்கிற வதந்தியெல்லாம் பொய்னு எழுதினது சாட்சாத் டிக்கன்ஸ்தான். லண்டன் 'டைம்ஸ்'லயும் வந்துச்சு. அதுவரைக்கும் ஒண்ணுமே தெரியாம இருந்தவன்கூட அப்பதான் என்ன வதந்தின்னு விசாரிக்க ஆரம்பிச்சான். 'பஞ்ச்'ல அது வரல (சிரிப்பு பத்திரிகைல குடும்பச்சண்டை நோட்டீஸா!), அந்த கோவத்துல, 'பஞ்ச்'சையும் நடத்திக்கிட்டு வருஷக்கணக்கா தன் புத்தகங்களயும் போட்டுக்கிட்டிருந்த பிராட்பரி-எவன்ஸ் பதிப்பகத்தோடயே உறவ முறிச்சுக்கிட்டு, இருந்த பத்திரிகையையும் மூடிட்டு அடுத்த வருஷம் வேற பேர்ல ஒண்ணு தொடங்கினாரு. நானும் ஒரு பக்கத்த கையில வச்சிருக்கிறவன் சார், அதனாலதான் இது எனக்கு உறுத்துது.

அந்தம்மா கேத்தரினுக்கு பத்திரிகை ஏது? 22 வருஷ குடித்தனம், 10 பிரசவம். எலன் டெர்னன்ங்கிற 18 வயசு நடிகைய 45 வயசுல டிக்கன்ஸ் சந்திச்சது 1857ல. அதே வருஷம் அக்டோபர்ல, வீட்ல முன்னாடி வேலை பார்த்த அம்மாவுக்கு லெட்டர் போடுறாரு: டிரஸ்ஸிங் ரூம்ல நான் தனியா படுத்துக்கிறேன், ரெண்டு ரூமுக்கும் நடுவுல இருக்கிற வழிய அடைச்சு ஷெல்ஃப் வச்சு, முன்னாடி வெள்ளை பெயின்ட் அடிச்ச சாதா பலகை கதவு ஒண்ணு போட்டுடுங்க. பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை பேசுறதுக்கு பதிலா ஆசாரிய கூப்பிட்டிருக்காரு மனுஷன். பிரிஞ்சப்புறம் அந்தம்மாவுக்கு சில சமயம் மனக்கோளாறு வரும்ங்கிற மாதிரி ஒரு கடிதத்த எழுதி தன் மேனேஜர்கிட்ட குடுத்து, வேணும்ங்கிறவங்களுக்கு காட்டுங்கன்னு சொல்லி வச்சாரு, அது நியூயார்க் பேப்பர்ல அச்சாயி வந்ததும் ஐயோ என் கடிதம் திருட்டுத்தனமா வெளிய போச்சேன்னு புலம்பல் வேற.

நல்லது பண்ணலையான்னா, பண்ணினாரு. 1865ல ஸ்டேப்பிள்ஹர்ஸ்ட்ல ரயில் கவிழ்ந்தப்ப தொப்பியில தண்ணி மொண்டு அடிபட்டவங்களுக்கு குடுத்தவர் அவர். (எலனும் அவங்கம்மாவும் கூட இருந்தாங்க.) 12 வயசுல அப்பா கடனுக்காக ஜெயில்ல கிடந்தப்ப ஷூ பாலிஷ் கம்பெனில லேபிள் ஒட்டினத ஊர்கிட்ட சொல்லாம மறைச்சே வச்சிருந்தாரு, நண்பர் ஃபார்ஸ்டர் அவர் செத்தப்புறம் எழுதித்தான் வெளிய வந்துச்சு. பெருமையா சொல்லிக்க வேண்டியத மறைச்சுட்டு பொண்டாட்டி விவகாரத்த போய் முதல் பக்கத்துல போட்டிருக்காரே, இது என்ன கணக்குன்னு எனக்கு இன்னைக்கும் விளங்கல.

1860ல தனக்கு வந்த கடிதங்கள கேட்ஸ் ஹில் வீட்டு பின்னாடி மூட்டை மூட்டையா கொளுத்தினாரு. கேத்தரின் அவர் எழுதினத பத்திரமா வச்சிருந்து, 1879ல சாகப்போற நேரத்துல மக கேட்டிகிட்ட குடுத்து, பிரிட்டிஷ் மியூசியத்துல சேர்த்துடு, ஒரு காலத்துல அவர் என்மேல பிரியமாத்தான் இருந்தாருன்னு ஊர் தெரிஞ்சுக்கட்டும்னு சொன்னாங்க. நான் எட்டி பார்த்ததா சொல்றீங்களே, அந்தம்மா பாக்கத்தான் சொல்லிட்டு போயிருக்காங்க.