வீடு ஏன் அலுவலகம் போல இருக்கிறது?

கேள்வி: புது வீட்டுக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. சோபா, சுவர் ஓவியம், செயற்கைச் செடி, பூச்சாடி என்று எல்லாமே பார்த்துப் பார்த்து வாங்கியவை. இருந்தும் மாலையில் வந்து உட்கார்ந்தால், ஏதோ அலுவலக வரவேற்பறையில் காத்திருப்பது போலவே இருக்கிறது. அடுத்துத் தரைவிரிப்பு வாங்கலாமா, சுவரில் வால்பேப்பர் ஒட்டலாமா?

பதில்: இரண்டும் இப்போது வேண்டாம். ஸ்விட்சை அணைத்து, பல்பு ஆறியதும் கழற்றி, அதில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். '6500கே' என்று இருந்தால் பாதிக் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது. 'கே' என்பது கெல்வின், ஒளியின் நிறத்துக்கான அளவு. எண் ஏற ஏற வெளிச்சம் நீலம் பாரித்த வெண்மையாகும். இறங்க இறங்க மஞ்சள் கூடும். பழைய குண்டு பல்பின் வெளிச்சம் ஏறத்தாழ 2700. அதே எண்ணிலோ 3000த்திலோ எல்இடி பல்புகள் கிடைக்கின்றன. நானும் மெத்தை உறைகளை மூன்று முறை மாற்றிவிட்டுத்தான் பல்பைப் பார்த்தவன்.

வாங்கும்போது வாட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். வாட் என்பது மின்செலவு, வெளிச்சத்துக்கு லூமன். பழைய 60 வாட் குண்டு பல்புக்கு ஈடு சுமார் 800 லூமன். அட்டையில் சி.ஆர்.ஐ. என்றும் ஓர் எண் இருக்கும். நிறங்களை உள்ளபடி காட்டும் திறன் அது. உச்ச அளவு 100. பரவலாக விற்பவை 80ஐ ஒட்டியவை. 90க்கு மேல் கிடைத்தால் வாங்குங்கள், மரமும் முகமும் வெளிறித் தெரியாது. கூடவே, உச்சியில் எரியும் ஒற்றை விளக்கை மட்டும் நம்பாமல், உட்கார்ந்தால் கண்மட்டத்துக்குக் கீழே வருகிற மாதிரி ஒரு சிறு விளக்கை மூலையில் வையுங்கள். எழுதும் மேசைக்கு 4000கே இருக்கட்டும், அங்கே மஞ்சள் தூக்கத்தைத்தான் வரவழைக்கும்.

இனி தரைவிரிப்பு. வெறும் சுவரும் வழவழப்பான தரையும் ஒலியைத் திருப்பி அடிக்கும். பேச்சு எதிரொலித்தால் அறை காலியாகவே தோன்றும். ஆகவே தடித்த விரிப்போ திரைச்சீலையோ உண்மையிலேயே உதவும். ஆனால் வாங்குமுன் அதே அளவுக்குச் செய்தித்தாள்களை ஒட்டித் தரையில் விரித்து ஒரு வாரம் நடந்து பாருங்கள். கதவு தட்டுகிறதா, சோபாவின் முன்கால்கள் அதன் மேல் நிற்கின்றனவா? சிறியதாக வாங்கினால் கூடத்தின் நடுவே தபால்தலை ஒட்டியது போலிருக்கும்.

வால்பேப்பரை மறந்துவிடுங்கள். இன்னொன்று: நீங்கள் சொன்ன பொருள்கள் எல்லாவற்றுக்கும் வயது எட்டு மாதம்தான்! பழைய வீட்டிலிருந்து வந்து இன்னும் பிரிக்காத பெட்டி ஒன்றாவது இருக்குமே? செயற்கைச் செடியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அதிலிருந்து ஏதாவது ஒன்றை வைத்துப் பாருங்கள். செலவில்லை.

கேள்வி: கடையில் பஞ்சு போலிருந்த சோபா ஒரே வருடத்தில் குழிவிழுந்துவிட்டது. அடுத்த முறை என்ன கேட்க வேண்டும்?

பதில்: ஃபோமின் அடர்த்தி. கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்று சொல்வார்கள். தினமும் உட்காரும் இருக்கைக்கு 32க்குக் குறைந்ததை நான் வாங்க மாட்டேன். மெத்தென்று இருப்பது வேறு, அடர்த்தி வேறு. அடர்த்தி மிகுந்த ஃபோமும் மென்மையாக இருக்கலாம். 'நல்ல ஃபோம்தான் சார்' என்று விற்பனையாளர் மழுப்பினால், அந்த எண்ணை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்.