குன்னூரில் தகரக் கூரை போட்ட பழைய பங்களாவை அனிமேஷன் நிறுவன அலுவலகமாக மாற்றுகிறோம். சின்ன ப்ரிவியூ தியேட்டரும் வேண்டும். உள்வேலையில் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

கூரையைத்தான். பெயின்ட், மேசை, நாற்காலி எல்லாம் அப்புறம்.

கோத்தகிரியில் பதினெட்டு வருடமாக மரவேலையும் உள் அலங்காரமும் எடுத்துச் செய்கிறேன். விளம்பரப் படம் எடுக்கும் ஒரு குழுவுக்கு உங்களுடையதைப் போன்ற பங்களாவில் ப்ரிவியூ தியேட்டர் செய்து கொடுத்தேன். ஏப்ரலில் வேலை முடிந்தது. சுவர் முழுக்கத் துணி போர்த்திய பேனல், தரையில் கார்பெட். கை தட்டினால் எதிரொலி துளியும் இல்லை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அக்டோபரில் கூப்பிட்டார்கள். வடகிழக்குப் பருவமழை எங்கள் பக்கம் கொட்டும் மாதம். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். திரையில் ஒரு பாட்டி பேசுகிறார். வாய் அசைகிறது, ஒரு வார்த்தை காதில் விழவில்லை. தலைக்கு மேல் தகரம் மட்டும் அதிர்கிறது.

கார்பெட்டும் துணியும் அறைக்குள் எழும் ஒலியைத்தான் உறிஞ்சும். வெளிச் சத்தம் உள்ளே வராமலிருக்க எடையும் இடைவெளியும் வேண்டும். எல்லாவற்றையும் பிரித்து இரண்டாவது சீலிங் போட்டோம். கூரைச் சட்டத்தில் தொங்கவிடாமல், சுவருக்குச் சுவர் தனி உத்தரம் கொடுத்து, அதில் இரண்டு அடுக்கு ஜிப்சம் போர்டு, அதன்மேல் 100 மி.மீ. ராக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு). கூரையை எந்த இடத்திலும் தொடக் கூடாது. ஒரு கம்பி தொட்டாலும் அதன் வழியே அதிர்வு இறங்கிவிடும். செலவில் பாதி என் கையிலிருந்து போனது. நீங்கள் வேலை தொடங்கும் முன் நல்ல மழையில் அந்த அறையில் அரை மணி நேரம் உட்கார்ந்து, போனில் ஏதாவது வசனம் ஓடவிட்டுக் கேளுங்கள்.

அடுத்தது புரொஜெக்டர். குன்னூர் சுமார் 1850 மீட்டர் உயரம். 1500 மீட்டருக்கு மேல் 'ஹை ஆல்டிட்யூட் மோடு' போடச் சொல்லிப் பல புரொஜெக்டர்களின் கையேட்டிலேயே இருக்கும். இங்கே காற்றின் அடர்த்தி குறைவு. அதே சூட்டை வெளியேற்ற ஃபேன் வேகமாகச் சுற்றியாக வேண்டும், சத்தமும் கூடும். சென்னை ஷோரூமில் அமைதியாக ஓடியதை நம்பி அதைச் சீலிங்கில் மாட்டிவிடாதீர்கள். பின்சுவருக்கு அந்தப் பக்கம் காற்றோட்டமுள்ள சிறு அறையில் வைத்து, கண்ணாடி வழியாகப் படத்தை விடுங்கள். யூபிஎஸ்ஸும் அங்கேயே இருக்கட்டும். திரை 10 அடி அகலமென்றால் முக்கியமான இருக்கைகள் 15, 16 அடியில் வந்தால் போதும்.

பழைய கல் சுவரில் ஓதம் இருக்கும். வெளியே மழைநீர் சுவரடியில் தேங்காதபடி முதலில் வடிகாலைச் சரி செய்யுங்கள். பேனலைச் சுவரோடு ஒட்டி அடிக்க வேண்டாம். ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) கொடுத்து ஓர் அங்குலம் விட்டு, மேலும் கீழும் காற்று போக வழி வையுங்கள். இல்லாவிட்டால் துணிக்குப் பின்னால் பூசணம் பிடித்து, கதவைத் திறந்ததும் வாடை அடிக்கும். லென்ஸ், ஹார்ட் டிஸ்க் வைக்கும் அறைக்கு காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபையர் ஒன்று வாங்கி, ஈரப்பதத்தை 50 சதவீதத்தை ஒட்டி வையுங்கள். கணப்பை ஹாலில் அப்படியே விடலாம், அழகு. தியேட்டராகும் அறையில் இருந்தால் புகைபோக்கியோடு அடைத்துவிடுங்கள். சத்தமும் ஈரமும் வர அது நேர்வழி.

இன்னொன்று, தேயிலைச் சரிவைப் பார்த்த ஜன்னல். எல்லோரும் அந்த அறையைத்தான் கலர் கிரேடிங்குக்கு, அதாவது படத்தின் நிறங்களைச் சரிசெய்யும் வேலைக்குக் கேட்பார்கள். காலை பத்து மணிக்கு அங்கே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பாருங்கள், லேசாகப் பச்சை ஏறியிருக்கும். கண் அதற்குப் பழகிப்போய், மானிட்டரில் முகங்கள் சிவந்து தெரியும். கலரிஸ்ட் சிவப்பைக் குறைத்துவிடுவார். வேறு ஊரில் போட்டுப் பார்த்தால் முகமெல்லாம் பச்சையடிக்கும். கிரேடிங்குக்கு ஜன்னலில்லாத உள்ளறை, சாம்பல் நிறச் சுவர், மானிட்டருக்குப் பின்னால் 6500 கெல்வின் விளக்கு. அந்த ஜன்னலோரத்தை ஸ்டோரிபோர்டு வரைபவர்களுக்குக் கொடுங்கள்.