பாரமவுண்ட் ஏன் நின்னுச்சு? – ஒரு கடிதம்

வணக்கம் சார். மதுரை ஏர்போர்ட் பத்தி எழுதினப்ப பாரமவுண்ட் ஏர்வேஸை ஒரே வரில தாண்டிப் போயிட்டீங்க. எங்கப்பா முதன்முதலா ஏறுன ஃபிளைட் அது. எல்லா சீட்டையும் பிசினஸ் கிளாஸா போட்டதாலதான் மூடுனாங்க, நம்மூருக்கு அதெல்லாம் தாங்காதுன்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொல்றார். நிஜமாவா?
– மதுரை வாசகர்

வணக்கம். ஒரு வரில விட்டது தப்புதான், ஆனா உங்க ஆபீஸ்காரர் சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன்.

2005 அக்டோபர்ல ஆரம்பிச்சாங்க, மதுரை மில்காரங்க குடும்பத்து தியாகராஜன். அப்ப எல்லாரும் டிக்கெட் விலையக் குறைக்கிறதுல அடிச்சுக்கிட்டு இருந்த நேரம், இவர் என்னடான்னா பிரேசில்ல செய்யிற எம்ப்ரேயர் 170, 175னு சின்ன ஜெட்டைக் கொண்டாந்து எறக்குறார். ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு சீட்டு, நடு சீட்டுங்கிற தொல்லையே கிடையாது. பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல ராத்திரி பூரா வர்ற தூரத்தை ஒரு மணி நேரத்துல காலை நீட்டி உக்காந்து வரலாம்.

இதுல சொகுசை விட கணக்குதான் பெருசு. அப்ப 80 சீட்டுக்குக் கம்மியான விமானத்துக்கு லேண்டிங் சார்ஜ் கிடையாது. 40 டன்னுக்குக் கீழ எடை இருந்தா விமான எரிபொருளுக்கு விற்பனை வரி 4 சதவீதம்தான் இருந்துச்சு, பெரிய விமானக்காரங்க சில மாநிலத்துல 30 சதவீதத்தை ஒட்டிக் கட்டிட்டு இருந்தாங்க. மொத்த கம்பெனியும் அந்த ரெண்டு சலுகைக்குள்ள அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி. இதை யோசிச்ச மண்டைக்கு ஒரு கும்பிடு போடலாம்.

மாட்டுனது எங்கன்னா, விமானம் அவங்களது இல்ல, வாடகைக்கு எடுத்தது. வாடகை டாலர்ல, டிக்கெட் காசு ரூபாயில, விமானம் பறந்தாலும் நின்னாலும் மாசம் பொறந்தா கட்டணும். நம்ம கால் டாக்ஸிக்காரர் டியூ கட்டுற மாதிரிதான், என்ன, கார் ஒண்ணு போனா வேற கார் கிடைக்கும், அஞ்சு விமானம் வெச்சிருக்கிறவன்கிட்ட ரெண்டைப் புடுங்கினா டைம்டேபிளே காலி. வாடகைக்கு விட்ட ஜிகாஸ் கம்பெனிக்கும் இவங்களுக்கும் தகராறு முத்தி கோர்ட் வரைக்கும் போச்சு, விமானம் ஒண்ணொண்ணா கையை விட்டுப் போச்சு, 2010ல சுத்தமா நின்னுச்சு.

எனக்குப் புரியாதது ஒண்ணு இருக்கு. 2009 பாரிஸ் ஏர் ஷோவுல பத்து ஏர்பஸ் ஏ321 வாங்க ஒப்பந்தம் போட்டாங்க. அது 90 டன் சமாச்சாரம் சார்! எந்தச் சலுகைய நம்பிக் கடை தொறந்தாங்களோ அந்த லேண்டிங் சார்ஜ், எரிபொருள் வரி ரெண்டுமே அதுக்குக் கிடைக்காது. அந்த விமானம் கடைசி வரைக்கும் வரல, வந்திருந்தா எப்படி ஓட்டியிருப்பாங்கன்னு இன்னும் யோசிக்கிறேன்.

பின்னாடி வந்தவங்களையும் பாருங்க. பெங்களூர் ஏர் பெகாசஸ் 2015ல வந்து 2016ல நின்னுச்சு, விஜயவாடா ஏர் கோஸ்டா 2013ல இருந்து 2017 வரைக்கும். பிசினஸ் கிளாஸ் மட்டும்னு இவங்க ஓட்டல, இவங்களுக்கும் வாடகை விமானத்துலதான் அடி விழுந்துச்சு. இதை உங்க ஆபீஸ்காரர்கிட்ட சொல்லுங்க.

அப்பா அந்த போர்டிங் பாஸை வெச்சிருக்காரா? இருந்தா ஒரு போட்டோ அனுப்புங்க.