ப்ராக் யூதக் குடியிருப்பைச் சனிக்கிழமை பார்க்க முடியுமா?

கேள்வி: காலாண்டு விடுமுறையில் குடும்பத்துடன் ஐரோப்பா செல்கிறோம். வெள்ளிக்கிழமை மாலை வியன்னாவிலிருந்து ப்ராக் சேர்ந்து, சனிக்கிழமை அங்கே தங்கி, ஞாயிறு காலை பெர்லின் புறப்படுவதாகத் திட்டம். யூதக் குடியிருப்பைப் பயண முகவர் சனிக்கிழமையில் போட்டிருக்கிறார். அங்குள்ள பழைய கல்லறைத் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் மாமனாரின் நெடுநாள் ஆசை. அன்று மூடியிருக்கும் என்கிறார் உறவினர் ஒருவர். முகவரோ, "எல்லாம் பேக்கேஜில் அடக்கம், இனி நாளை மாற்றினால் விசாவில் சிக்கல் வரும்" என்கிறார். யாரை நம்புவது? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: உறவினரை நம்புங்கள். சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள். யோசெஃபோவ் எனப்படும் அந்தக் குடியிருப்பில் ப்ராக் யூத அருங்காட்சியகத்தின் பொறுப்பிலுள்ள தொழுகைக்கூடங்களும், உங்கள் மாமனார் பார்க்க விரும்பும் கல்லறைத் தோட்டமும் அன்று திறக்கப்படுவதில்லை. சுமார் 1270-இல் எழுப்பப்பட்டு, ஐரோப்பாவில் இன்றும் வழிபாடு நடக்கும் மிகப் பழைய தொழுகைக்கூடமான "பழைய-புதிய தொழுகைக்கூடம்" என்பதும் அன்று பார்வையாளர்களுக்கு இல்லை.

முகவர் பொய் சொல்கிறார் என்றும் நான் சொல்ல மாட்டேன். அவர் தாளில் எழுதியிருக்கும் சொல்லைப் பாருங்கள். "பனோரமிக் டூர்", "வாக்கிங் டூர்", "போட்டோ ஸ்டாப்" என்று இருந்தால் தெருவோடு நடத்திக் கூட்டிப் போவார்கள் என்று பொருள். உள்ளே அழைத்துப் போவதாக அவர் வாக்குக் கொடுக்கவே இல்லை. மற்ற ஊர்களில் இதனால் பெரிய நட்டம் இல்லை. யோசெஃபோவில் நட்டம்தான். 1893-க்குப் பிறகு நகராட்சி அந்தப் பகுதியின் நெருக்கடியான பழைய சந்துகளையும் வீடுகளையும் பெரும்பாலும் இடித்துத் தள்ளி அகலமான சாலைகளைப் போட்டுவிட்டதால், இன்று தெருவில் நடப்பவர் கண்ணில் படுவது விலையுயர்ந்த கைப்பைக் கடைகளே. எஞ்சிய வரலாறு நுழைவுச் சீட்டுக்குப் பின்னால், மதில்களுக்கு உள்ளே இருக்கிறது. சனிக்கிழமை வெளியில் நின்று பார்க்கத் தக்கது என்றால், எபிரேய எழுத்துகளைக் கொண்டு இடஞ்சுழியாக ஓடும் யூத நகர மன்றக் கடிகாரத்தைச் சொல்லலாம். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

விசா பற்றி அவர் சொல்வது வெறும் பூச்சாண்டி. ஒரே ஊரில் எந்த இடத்தை எந்த நாளில் பார்க்கிறீர்கள் என்பது தூதரகத்தின் கவலை அன்று. சனிக்கிழமை ப்ராக் கோட்டைக்குச் செல்லுங்கள். பெர்லின் பயணத்தை ஞாயிறு பிற்பகலுக்குத் தள்ளி, காலை 9 மணிக்கு யோசெஃபோவில் இருங்கள். மூன்று மணி நேரம் போதும். முதலில் பிங்காஸ் தொழுகைக்கூடம். நாஜிகளால் கொல்லப்பட்ட, இன்றைய செக் நாட்டின் பகுதிகளான பொஹீமியாவையும் மொராவியாவையும் சேர்ந்த ஏறத்தாழ 80,000 யூதர்களின் பெயர்கள் அதன் சுவர்களில் எழுதப்பட்டுள்ளன. அடுத்து, அதன் பக்கத்திலேயே இருக்கும் கல்லறைத் தோட்டம். 1439 முதல் 1787 வரை அங்கு அடக்கம் நடந்தது. கூடுதல் நிலம் கிடைக்கவில்லை, புதைத்தவரைத் தோண்டி அகற்றவும் சமயம் இடங்கொடுக்கவில்லை என்பதால் மேலே மண் கொட்டி அடுக்கடுக்காகப் புதைத்தார்கள். அதனால்தான் சுமார் 12,000 கற்கள் ஒன்றோடொன்று சாய்ந்து நெருக்கியடித்து நிற்கின்றன. தரை மேடும் பள்ளமுமாக இருக்கும். மாமனார் பிடிமானமுள்ள காலணி அணிவது நல்லது. ஆண்கள் தொழுகைக்கூடத்தில் தலையை மூட வேண்டும். ஒரு தொப்பி எடுத்துச் செல்லட்டும்.

சீட்டு விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. பழைய-புதிய தொழுகைக்கூடம் அருங்காட்சியகத்துடையது அன்று, யூதச் சமூக அமைப்பின் பொறுப்பில் இருப்பது. எனவே அருங்காட்சியகச் சீட்டை மட்டும் வாங்கியவரை அதன் வாசலில் நிறுத்திவிடுவார்கள். நடந்தால் இரண்டு நிமிட தூரத்துக்குள் இரண்டு நிர்வாகம், இரண்டு கணக்கு! இரண்டும் சேர்ந்த சீட்டும் விற்கிறார்கள். அருங்காட்சியகத்தின் இணையதளத்திலேயே அதை வாங்கிவிடுங்கள். "அங்கே போய் வழிகாட்டியிடம் யூரோவாகக் கொடுத்துவிடுங்கள்" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். செக் நாட்டின் பணம் கொருனா. யூரோவில் வசூலிப்பவர் மாற்று விகிதத்தைத் தம் விருப்பப்படி போடுகிறார் என்று பொருள். தெருவில் நோட்டு மாற்றித் தருகிறேன் என்று வருபவர் பக்கம் திரும்பவே வேண்டாம். வேறு நாட்டு நோட்டைத் தலையில் கட்டிவிடுவார்.

இனி, உங்கள் முகவர் நிச்சயம் யோசித்திராத ஒன்று. சனிக்கிழமையைத் தவிர யூதப் பண்டிகை நாட்களிலும் இவ்விடங்கள் மூடப்படும். நீங்கள் செல்லும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான் புத்தாண்டு இரண்டு நாள், பத்தாம் நாள் வரும் பெரிய நோன்பு ஒரு நாள், அதன் பின் கூடாரப் பண்டிகையின் முதல் இரண்டு நாள், முடிவில் மேலும் இரண்டு நாள் என்று மூன்றரை வாரத்துக்குள் ஏழு விடுமுறைகள் வரிசையாக வருகின்றன. நம் தீபாவளி ஆண்டுதோறும் தேதி மாறுவதைப் போலவே இவையும் சந்திரக் கணக்கில் நகரும். ஆகவே சென்ற ஆண்டு சென்று வந்தவர் சொல்லும் தேதி உங்களுக்கு உதவாது. ஒவ்வொரு நாளும் முந்தைய மாலை சூரியன் மறையும்போதே தொடங்குவதால் பண்டிகைக்கு முந்தின நாள் பிற்பகலையும் நம்ப வேண்டாம். ஒருமுறை நான் அழைத்துச் சென்ற பதினேழு பேரும் திங்கட்கிழமைதானே என்று போய், பூட்டிய வாசலில் நின்றோம், அன்று புத்தாண்டு. அந்த ஞாயிறு பண்டிகை நாளா என்பதை அருங்காட்சியகத்தின் நாட்காட்டியில் நீங்களே பாருங்கள்.

பார்த்தபின் முகவரிடம் ஒரே கேள்வியை மின்னஞ்சலில் கேளுங்கள்: "பழைய கல்லறைத் தோட்டத்துக்குள் நுழையும் சீட்டு, எந்தத் தேதிக்கு, எங்கள் பெயரில் இருக்கிறதா?" மீதித் தொகையை அவருடைய எழுத்துப்பூர்வமான பதில் வந்த பிறகு செலுத்துங்கள்.