ஐந்தும் இருபதும்

அன்புள்ள அண்ணா,

எனக்கு ஊர் குமரி மாவட்டம் கருங்கல். நர்சிங் முடித்து, ஜெர்மன் மொழியில் பி1 என்ற இடைநிலைத் தேர்வு பாஸாகி இப்போது ஹாம்புர்கில் இருக்கிறேன். இங்கும் வகுப்பு தொடர்கிறது. போன ஞாயிறு எங்களை எல்பே ஆற்றங்கரையில் உள்ள ஃபிஷ்மார்க்ட் என்ற மீன்சந்தைக்குக் கூட்டிப்போனார்கள். 1703-லிருந்து நடக்கும் சந்தை. கோடையில் காலை 5 மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கெல்லாம் முடிந்துவிடும். 1896-ல் கட்டிய மீன் ஏலக்கூடத்தில் இப்போது ஏலம் இல்லை, பாட்டுக் கச்சேரி. வெளியே வண்டிமேல் நின்று கூவி விற்கிறவர்கள் சொன்னது ஒரு வரிகூடப் புரியவில்லை. 25 யூரோவை 52 என்று கேட்டு, வாங்க வந்ததை வைத்துவிட்டுத் திரும்பினேன். இரண்டு வருடப் படிப்பு வீண்தானா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

அந்த 52-லிருந்தே ஆரம்பிக்கிறேன். நாம் இருபதைச் சொல்லிவிட்டு ஐந்தைச் சொல்கிறோம். அவர்கள் 'ஃபுன்ஃப் உன்ட் ஸ்வான்ஸிஷ்', ஐந்தும் இருபதும் என்கிறார்கள். முதலில் விழுந்த ஐந்தை உங்கள் காது பத்தின் இடத்தில் வைத்துவிட்டது. வகுப்பில் யோசித்துத் திருத்திக்கொள்ள நேரம் இருக்கும். கூவுகிறவர் அதைத் தருவதில்லை. இதில் படிப்பு எங்கே வீணானது?

நம் ஊர்ப் பக்கம் குளச்சலில் மீன் ஏலம் பார்த்திருப்பீர்கள். சென்னை நண்பர் ஒருவரை ஒருநாள் விடியற்காலையில் அங்கே கூட்டிப்போனேன். தமிழ் எம்.ஏ. படித்தவர். மணலில் சாளையைக் கொட்டிவைத்திருந்தார்கள், வாலில் ஈரமணல் அப்பியிருந்தது. ஏலம் கூறியவர் ஆயிரத்தை விழுங்கிவிட்டு "நூறு, நூறு, நூத்தம்பது" என்று மிச்சத்தை மட்டும் கூவினார். சுற்றி நின்ற பெண்களில் ஒருத்தி தலையை லேசாக அசைத்தாள். அவ்வளவுதான், குவியல் அவளுக்கு. நண்பர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "இவங்க பேசறது மலையாளமா?" சாளை என்றால் மத்தி என்று அவருக்கு நான்தான் சொல்லவேண்டியிருந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது என்று நீங்கள் சொல்வீர்களா? அங்கே நிற்கிற எல்லோருக்கும் தெரிந்ததை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதனால்தான் புதிதாக வந்தவருக்குப் பிடிபடுவதில்லை.

இன்னொன்று. வடக்கு ஜெர்மனிக்கு 'பிளாட்' என்று தனியாக ஒரு பழைய பேச்சு உண்டு. நீங்கள் படித்த 'அப்ஃபெல்' அதில் 'அப்பெல்', 'வாஸர்' அதில் 'வாட்டர்'. அந்தப் பக்கத்தில் எந்நேரமும் 'மொய்ன்' என்றுதான் வணக்கம் சொல்வார்கள். இப்படி ஏதாவது காதில் விழுந்தால் தப்பான ஜெர்மன் என்று ஒதுக்கிவிடாதீர்கள். வெளியூரில் நம் பேச்சைக் கேட்டுச் சிரித்தபோது எனக்கு எப்படி வலித்தது என்று இன்னும் ஞாபகம் இருக்கிறது. உங்களுக்கும் அது நடந்திருக்கும்.

சரி, அடுத்த ஞாயிறு தனியாகப் போங்கள். சந்தை முழுக்கச் சுற்றவேண்டாம். பழக்கூடை விற்கிற ஒரே ஒரு வண்டிமுன் அரைமணி நேரம் நில்லுங்கள். மற்றதை விட்டுவிட்டு விலையை மட்டும் கேளுங்கள். கையில் துண்டுத்தாள் இருக்கட்டும். முதலில் கேட்ட எண்ணை வலப்பக்கம் எழுதுங்கள், அப்புறம் கேட்டதை அதற்கு இடப்பக்கம். பத்துப் பதினைந்து விலை எழுதுவதற்குள் கை பழகிவிடும். கடைசியில் ஏதாவது வாங்குங்கள், சில்லறையாக இல்லாமல் நோட்டாகக் கொடுங்கள். மீதியை எண்ணித் தரும்போது அவர் கூவமாட்டார், உங்களிடம்தான் சொல்வார்.

எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று எழுதுங்கள்.