வாட்ஸ்அப் எரிச்சல்களுக்குத் தமிழில் புதுச் சொற்கள் உருவாக்க முடியுமா?

முடியும். செய்து பார்த்து வீட்டில் கேலிக்கு ஆளானவன் நான். உங்களுக்கும் யாரோ நீல டிக் மட்டும் காட்டிவிட்டு மூன்று நாளாகப் பதில் போடவில்லை போல. இல்லாவிட்டால் இந்தக் கேள்வி வராது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் தமிழ் ஆசிரியர் இல்லை, மதுரையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவன். வாட்ஸ்அப்பைப் புலனம் என்று ஏன் எழுதவில்லை என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நல்ல சொல்தான், எங்கள் வீட்டில் யார் வாயிலும் வருவதில்லை, அவ்வளவுதான்.

நான் முதலில் செய்தது 'தட்டேமாற்றம்'. எதிர்ப்பக்கம் 'டைப்பிங்' என்று காட்டும், நாமும் பார்த்துக்கொண்டே இருப்போம், கடைசியில் ஒன்றும் வராது. தட்டு, ஏமாற்றம் இரண்டையும் சேர்த்தால் உகரம் போய்த் தட்டேமாற்றம். புணர்ச்சி விதிக்குப் பள்ளியில் வாங்கிய அடி அன்றைக்குத்தான் பயன்பட்டது. அடுத்தது 'அழிப்பரிப்பு'. அனுப்பியதை எல்லோருக்குமாக அழிக்கும் வசதி 2017-இல் வந்தது இல்லையா? அழித்துவிட்டார் என்கிற வரி மட்டும் நிற்கும், என்னதான் எழுதியிருப்பார் என்று நமக்கு இரண்டு நாள் அரிக்கும். இரண்டையும் குடும்பக் குழுவில் பெருமையாகப் போட்டேன். பெரியப்பா ஒரு கட்டைவிரல் காட்டினார். அத்தை வழக்கமான காலை வணக்க ரோஜா. முடிந்தது.

நிலைத்தது அம்மா சொன்ன சொல். என் தம்பி ஒரு வாக்கியத்தை ஒரே செய்தியாக அனுப்பவே மாட்டான். ஒரு நாள் கடையில் கூட்டமான நேரத்தில், "அண்ணே" என்று ஒன்று. "அம்மாவுக்கு" என்று ஒன்று. "பதறாதே" என்று ஒன்று. அதற்கப்புறம் அரை நிமிடம் ஒன்றுமில்லை. எனக்குக் கை நடுங்கிவிட்டது. கடைசியாக வந்தது: "வெத்தலை நானே வாங்கிட்டேன்." இரவு வீட்டில் கத்தினேன். அம்மா பூக் கட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, "நான் உதிரியை வாங்கிக் கட்டுறேன், அவன் உதிரியாவே கொட்டுறான், கட்டி அனுப்பச் சொல்லுடா" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவன் பெயரே உதிரி. "உதிரி போடாதே" என்று என் மகள் தோழிகளுக்கும் சொல்கிறாள். என் தட்டேமாற்றத்தை இதுவரை ஒருவரும் தொடவில்லை. வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்கிறேன். எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்பும் வேலை என் தலையில். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70. அந்த 70-லும் புள்ளி, கொக்கி, கால் எல்லாம் தனித்தனிக் கணக்கு. நமக்கு 'வணக்கம்' ஐந்து எழுத்து, குறுஞ்செய்திக் கணக்கில் ஏழு. தண்ணீர் வராது என்று தமிழில் நாலு வரி சொன்னால் இரண்டு மூன்று செய்திக் காசு. அதைக் கூட்டத்தில் விளக்கினால், "ஆங்கிலத்திலேயே அனுப்பிடுங்க சார்" என்கிறார்கள், மேடையில் தமிழ் வாழ்க என்று கத்துகிற அதே ஆட்கள். இந்த எரிச்சலுக்கு மட்டும் எனக்குச் சொல் அமையவில்லை. அம்மாவிடம் கேட்டேன், உடனே ஒன்று சொன்னார். அதை இங்கே எழுத முடியாது.