மின்சார காருக்கு மாற்று டயர்: கேள்வி பதில்

கேள்வி (பொங்கோல்): என் டெஸ்லா மாடல் 3 காரின் டயர் அளவு 235/45ஆர்18. அது கைவசம் இல்லாததால் 245/45ஆர்18 போடலாம், அகலம் கூடினால் பிடிமானமும் கூடும் என்கிறார் கடைக்காரர். போடலாமா, ஐயா?

பதில்: ரிம்மில் பொருந்தும், ஆனாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். 235 மில்லிமீட்டர் அகலத்தில் 45 விழுக்காடு பக்கச்சுவரின் உயரம். அதை இரட்டித்து, ரிம்மின் விட்டமான 18 அங்குலத்தை, அதாவது 457 மில்லிமீட்டரைக் கூட்டினால் மொத்த விட்டம் ஏறத்தாழ 669. இதே கணக்கில் 245-க்கு 678 வருகிறது. வேறுபாடு 1.3 விழுக்காடுதான் என்பதால் வேகமானியில் பெரிய பிழை வராது. என்னைத் தயங்க வைப்பது மழை. டயர் அகலமாக ஆக, அது விலக்க வேண்டிய தண்ணீரும் கூடுகிறது. டயரின் பள்ளங்கள் தேய்ந்து ஆழம் குறைந்த பிறகு, தேங்கிய நீரின்மேல் மிதந்து வழுக்கும் ஆபத்து அகலமான டயருக்கே அதிகம். பிற்பகல் இடிமழையில் சிங்கப்பூரின் தீவு விரைவுச்சாலையில் போகிறவருக்கு, காய்ந்த சாலையில் கிடைக்கும் சிறு ஆதாயத்தைவிட இதுவே முக்கியம். சில நாள் காத்திருந்தாவது பழைய அளவையே வாங்குங்கள்.

கேள்வி (தெம்பனிஸ்): அதே 235/45ஆர்18 அளவில் ஒரு டயரில் 94 என்றும் மற்றொன்றில் 98 எக்ஸ்எல் என்றும் இருக்கிறது. 94 விலை குறைவு. எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த எண் ஒரு டயர் தாங்கக்கூடிய எடையைக் குறிக்கிறது: 94 என்றால் 670 கிலோ, 98 என்றால் 750 கிலோ. மின்கலத்தின் பாரத்தால் மாடல் 3 காலியாகவே ஏறத்தாழ 1,800 கிலோ இருக்கிறது. குடும்பமும் பெட்டிகளும் ஏறி, விரைவாக வளைவில் திரும்பும்போது வெளிப்பக்க டயர்களே பெரும்பாரத்தைச் சுமக்கின்றன. எக்ஸ்எல், அதாவது கூடுதல் சுமை தாங்கும் டயரின் கட்டமைப்பு வலுவானது. 290 கிலோபாஸ்கல், அதாவது 42 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தை வைத்து அதன் சுமைத்திறன் கணக்கிடப்படுகிறது. ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் உங்கள் காருக்குரிய அளவும் காற்றழுத்தமும் இருக்கும். தொழிற்சாலையில் பொருத்திய டயரின் சுமை எண்ணுக்குக் கீழே, எவ்வளவு தள்ளுபடி கிடைத்தாலும், இறங்காதீர்கள்.

கேள்வி (ஈசூன்): மின்சார காருக்கென்றே செய்த டயர்தான் வேண்டுமா? மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் போட்டால் குற்றமா?

பதில்: குற்றமில்லை, ஈரச் சாலையில் அது மிகத் திறமையான டயர். பைலட் ஸ்போர்ட் இவி, ஹான்குக் அயான் போன்றவை உருளும்போது ஏற்படும் எதிர்ப்பைக் குறைத்து, ஒரு முறை மின்னேற்றி ஓடும் தூரத்தைக் காக்க முயல்கின்றன. இவ்வகை டயர்கள் பலவற்றின் உட்புறத்தில் ஒரு நுரைப்பட்டை ஒட்டப்பட்டிருக்கும். டயருக்குள் அடைபட்ட காற்றின் அதிர்வொலியை அது உறிஞ்சுகிறது. இயந்திர இரைச்சல் இல்லாத காரில் அந்த ஒலி நன்றாகவே கேட்கும். ஆனால் ஆணி குத்தினால், ஒட்டுப்போடும் இடத்தில் நுரையை வெட்டியெடுக்க வேண்டும். உங்கள் பட்டறையில் அதைச் செய்வார்களா என்று வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். டயரோடு வரும் ஐரோப்பிய ஒன்றியத் தரச்சீட்டில் ஈரப்பிடிமானத்துக்கும் உருளல் எதிர்ப்புக்கும் ஏ முதல் இ வரை தரம் இருக்கும். ஈரப்பிடிமானத்தில் ஏ தரத்தை முதலில் தேடுங்கள், மற்றதை அடுத்துப் பாருங்கள்.

கேள்வி (செம்பவாங்): 18 அங்குலத்திலிருந்து 20-க்கு மாறலாமா?

பதில்: 235/35ஆர்20 விட்டத்தில் சரிவரும். ஆனால் பக்கச்சுவர் 106 மில்லிமீட்டரிலிருந்து 82-ஆகக் குறைந்துவிடும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடிக் கார்நிறுத்துமிடத்தின் சுழல்பாதையில் ஓரக்கல்லை ஒருமுறை உரசினாலே ரிம்மின் விளிம்பு சிராய்ந்துபோகும். சொகுசும் குறையும், மின்சாரமும் கூடுதலாகச் செலவாகும். அழகுக்காகத்தான் என்றால் அது உங்கள் விருப்பம். காரின் ஓட்டத்துக்காக என்றால் 18 போதும்.

கேள்வி (பொங்கோல்): பின் டயர்கள் மட்டும் விரைந்து தேய்கின்றனவே?

பதில்: பின்சக்கர இயக்கமுள்ள காரில் முடுக்கமும் மின்சாரத்தை மீட்கும் பிரேக்கும் அவற்றின்மீதே விழுகின்றன. 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன் டயர்களைப் பின்னும் பின் டயர்களை முன்னும் மாற்றிப் போடுங்கள். மாடல் ஒய் பெர்ஃபாமன்ஸ் போல முன்பின் அகலம் வேறான கார்களில் இது முடியாது. டயர்ப் பள்ளத்தின் ஆழத்துக்கு 1.6 மில்லிமீட்டர் சட்டத்தின் எல்லை. நம் மழைக்கு 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது.

கேள்வி (ஈசூன்): ஜோகூர் பாருவில் வாங்கினால் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணை. 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. நான்கு டயரிலும் அதைப் பார்த்த பிறகே ரிம்மில் ஏற்றச் சொல்லுங்கள்.